சாகாதவனுக்குச் சாவு: பெங்களூர் அரங்கில் ஸோபோக்ளீஸ்

நாடகம் முடிந்ததும் மங்களம் பாடுவது நம் நாட்டு மரபு. மேடையில் எத்துணைத் துயரம் நிகழ்ந்தாலும், அரிச்சந்திரன் சுடலை காத்தாலும், சந்திரமதியின் கழுத்தை நோக்கி வாள் ஓங்கப்பட்டாலும், இறுதியில் வாள் மாலையாகும்; மாண்ட மகன் உறங்கி எழுபவன்போல் எழுவான். வடமொழி நாடக இலக்கணமும் இதையே விதித்தது. தலைவனின் மரணத்தை மேடையில் காட்டலாகாது என்றது. வான்மீகியின் காவியத்தில் சீதை பூமிக்குள் மறைகிறாள். 8ஆம் நூற்றாண்டில் அக்கதையை நாடகமாக்கிய பவபூதியோ அவளை இராமனோடு சேர்த்துவைத்தே திரையை இறக்கினார். காவியம் பொறுத்த துயரத்தை நாடகம் பொறுக்கவில்லை.

கூத்து மட்டும் இதற்குப் புறம்பாக நின்றது. பழைய வட ஆர்க்காடு, தென்னார்க்காடு மாவட்டங்களிலிருந்து பிழைப்பை நாடி வெளிமாநிலம் சென்ற நேயர்கள் படுகளத்தை மறந்திருக்க மாட்டார்கள். திரௌபதியம்மன் திருவிழாவின் இறுதியில் துரியோதனன் மண்ணுருவாய் மல்லாந்து கிடப்பான்; பீமன் தொடையில் அடிப்பான்; விரித்த கூந்தல் முடிக்கப்படும்; வீழ்ந்தவனுக்காக ஒப்பாரியும் எழும். பகைவனுக்காக அழும் அவ்வழுகையை எந்த இலக்கண நூலும் விதிக்கவில்லை, எந்த நூலாலும் தடுக்கவும் முடியவில்லை.

இவ்விரு மரபுகளுக்கும் இடையே கிரேக்கத் துன்பியல் நாடகம் வந்து நின்ற கதை ஒன்று பெங்களூரில் உண்டு. 1929இல் தொடங்கி 1972 வரை நீளும் அக்கதையில் மூவரின் பங்கு பெரிது. அம்மூவருள் ஒருவர் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்குச் சொல்லைத் தாண்டிச் செல்வது எளிதன்று. கிரேக்கர் ‘டிராஜிடி’ என்று வழங்கியதைத் தமிழில் சோக நாடகம் என்றனர். அவல நாடகம் என்றனர். பின்னர்த் துன்பியல் என்றனர். கன்னடத்தில் துரந்த நாடகம், ருத்ர நாடகம் என்னும் இரு சொற்கள் வழங்குகின்றன. முன்னது முடிவின் கொடுமையைச் சொல்கிறது. பின்னது அந்த முடிவுக்குள் நின்றாடும் தெய்வத்தின் பெயரையே எடுத்துக்கொள்கிறது. நம் தொல்காப்பியம் அழுகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் இடங்கள் நான்கு என எண்ணி, அவற்றுள் இளிவை முதலில் வைத்தது. பிறரால் இகழப்பட்டு எளியனாதலே இளிவு. இழவுகூட அதற்கு அடுத்ததுதான். உயிரை இழப்பதினும் மானத்தை இழப்பது முந்திய அழுகை என்று கருதிய ஒரு மரபுக்கு, நாம் சொல்லவரும் கிரேக்க நாடகம் அந்நியமானதாக இருக்க முடியாது.

தென்னாட்டில் துயர முடிவுள்ள நாடகம் நவீன மேடையில் கால்கொண்டதற்குப் பெல்லாரி ஒரு தோற்றுவாய். இன்று கருநாடகத்தில் உள்ள அந்நகரம் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அங்கு வாழ்ந்த தர்மவரம் ராமகிருஷ்ணமாச்சாரியுலு எழுதிய ‘விஷாத சாரங்கதர’ தெலுங்கின் முதல் துன்பியல் நாடகமாகக் கருதப்படுகிறது. தந்தையின் ஆணையால் கைகால் வெட்டுண்ட இளவரசனின் கதை அது. பெல்லாரிக் குழுவினர் சென்னைக்கு வந்து ஆடியதைக் கண்டு எழுச்சியுற்ற இளைஞர்தாம் பம்மல் சம்பந்த முதலியார். அதே 1891ஆம் ஆண்டில் சுகுண விலாச சபை பிறந்தது. பின்னாளில் அவர் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கித் தாமே நடித்ததையும் நேயர்கள் அறிவர். ஆக, தமிழ் மேடை துயரம் பயின்றதில் கன்னட நாட்டு எல்லைக்கும் தெலுங்கு மொழிக்கும் பங்குண்டு. மொழிகள் வரைபடத்தைப் பார்த்து நடப்பதில்லை.

பெங்களூரின் கதை வேறு வகையானது. அங்குத் துன்பியல் நாடகம் ஆங்கில வகுப்பறையிலிருந்து புறப்பட்டது.

பி. எம். ஸ்ரீகண்டையா 1884இல் தும்கூர் மாவட்டத்துச் சம்பிகையில் பிறந்தவர். கன்னட மக்கள் அவரை பி.எம்.ஸ்ரீ என்றே அழைப்பர். மைசூர் மகாராஜா கல்லூரியிலும் பின்னர்ப் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தார். ஆங்கிலம் கற்பித்து ஊதியம் பெற்றவர், கன்னடம் தலைநிமிர வேண்டுமென 1911இல் தார்வாரில் பேசிய பேச்சு இன்றும் நினைக்கப்படுகிறது. 10ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ரன்னரின் காவியத்திலிருந்து 1926இல் அவர் வார்த்த ‘கதாயுத்த நாடகம்’ துரியோதனனைத் துன்பியல் தலைவனாக்கிற்று. 1935இல் ஈஸ்கிலஸின் பாரசீகர் நாடகத்தையும் கன்னடமாக்கினார். இவ்விரண்டுக்கும் இடையே, 1929இல் வெளிவந்ததுதான் ‘அசுவத்தாமன்’. ஸோபோக்ளீஸின் ‘அஜாக்ஸ்’ என்னும் நாடகமே அதன் மூலம்.

ஏதென்ஸ் நகரத்து ஸோபோக்ளீஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டினர். நூற்றுக்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். முழுமையாகக் கிடைத்தவை ஏழே. டயோனிசஸ் என்னும் தெய்வத்தின் வசந்த விழாவில், மலைச்சரிவில் அமர்ந்த பெருங்கூட்டத்தின் முன், பகல் வெளிச்சத்தில் அவை ஆடப்பட்டன. நடிகர் யாவரும் ஆடவர், முகமூடி அணிந்தவர், பாடி ஆடும் குழுவினர் பக்கத்தில் நிற்பர். நம் கூத்தைக் கண்டவருக்கு இதில் வியப்பொன்றுமில்லை. மற்றொரு செய்திதான் வியப்பூட்டும். கொலையையும் தற்கொலையையும் கிரேக்கரும் பெரும்பாலும் மேடையில் காட்டியதில்லை. அவை உள்ளே நிகழும். தூதன் ஒருவன் ஓடிவந்து உரைப்பான். பரத முனிவரும் ஸோபோக்ளீஸும் இந்த ஒன்றில் ஏறத்தாழ ஒரே கட்சி. ஆனால் ‘அஜாக்ஸ்’ விதிவிலக்கு. அதில் தலைவனின் சாவு பார்ப்போர் கண்முன்னேயே நிகழ்ந்தது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

கதை இது. திராய் நகரப் போரில் அக்கிலீஸ் இறந்தான். அவனுக்கு அடுத்த வீரன் அஜாக்ஸ். இறந்தவனின் படைக்கலங்கள் தனக்கே உரியவை என நம்பியிருந்தான். தலைவர்கள் அவற்றைச் சொல்வல்லவனான ஒடிஸியஸுக்கு அளித்தனர். மானம் கெட்ட அஜாக்ஸ் இரவில் வாளோடு எழுந்தான், அத்தலைவர்களை உறக்கத்திலேயே கொல்வதற்கு. அதீனா என்னும் தேவி அவன் அறிவை மயக்கினாள். பகைவரென எண்ணி அவன் வெட்டியவை படையினர் கொள்ளையிட்டு வைத்திருந்த ஆடுமாடுகள். ஒடிஸியஸ் என எண்ணி ஓர் ஆட்டுக்கடாவைக் கூடாரத்தில் கட்டி அடிக்கிறான்.

இங்கே ஸோபோக்ளீஸ் ஒரு காட்சி வைத்தார். உலக நாடகங்களில் இதற்கு நிகரானவை மிகச் சிலவே என்பது நம் எண்ணம். தேவி ஒடிஸியஸை அழைத்து, பித்தேறிய பகைவனைப் பார், பார்த்துச் சிரி என்கிறாள். பகைவனைக் கண்டு நகைப்பதைவிட இனிய நகைப்பு உண்டோ என்று கேட்கிறாள். ஒடிஸியஸ் சிரிக்கவில்லை. எனக்குப் பகைவனே ஆயினும் இவனுக்காக இரங்குகிறேன். இவன் நிலையில் என் நிலையையே காண்கிறேன். வாழும் நாமெல்லாம் வெறும் நிழல்களே என்னும் கருத்துப்பட மறுமொழி கூறுகிறான். கொடுமை தெய்வத்திடம் இருக்கிறது. இரக்கம் மனிதனிடம் இருக்கிறது.

பித்தம் தெளிந்ததும் அஜாக்ஸ் தன்னைச் சுற்றிக் கிடக்கும் விலங்குப் பிணங்களைக் காண்கிறான். தோல்வியன்று அவனைக் கொன்றது, நகைப்பு. தொல்காப்பியர் சொன்ன இளிவு இதுவே. மனைவியின் மன்றாட்டும் சிறு மகனின் முகமும் அவனைத் தடுக்கவில்லை. கடற்கரைக்குச் சென்று, முன்பு பகைவன் பரிசாகத் தந்த வாளை மண்ணில் நட்டு, அதன்மேல் வீழ்கிறான். எஞ்சிய நாடகம் அப்பிணத்தை அடக்கம் செய்யலாமா, நாய்க்கும் பறவைக்கும் விடலாமா என்னும் வழக்கு. அடக்கம் செய்ய வேண்டுமென வாதாடி வெல்பவன் அதே ஒடிஸியஸ்.

இக்கதையைக் கன்னட நாட்டுக்குக் கொண்டுவர எண்ணிய ஸ்ரீகண்டையா, அஜாக்ஸின் இடத்தில் அசுவத்தாமனை நிறுத்தினார். இத்தேர்வின் நுட்பத்தை உணர, பாரதத்தின் சௌப்திக பருவத்தை ஒருமுறை நினைத்துப் பார்ப்போம்.

பதினெட்டாம் நாள் முடிந்துவிட்டது. துரியோதனன் தொடை முறிந்து கிடக்கிறான். கௌரவர் பக்கம் எஞ்சியவர் கிருபர், கிருதவர்மன், அசுவத்தாமன் என மூவர். ஆலமரத்தடியில் உறக்கம் வராது அமர்ந்திருக்கும் அசுவத்தாமன், உறங்கும் காக்கைகளை ஆந்தையொன்று வந்து கொல்வதைக் காண்கிறான். வழி கிடைத்துவிட்டது. உறங்குபவரைக் கொல்வது அறமன்று எனக் கிருபர் தடுக்கிறார். என் தந்தையை எந்த அறத்தால் கொன்றனர் என்பது அவன் கேள்வி. அக்கேள்விக்கு விடை இல்லை. துரோணரின் கையிலிருந்து வில்லை நழுவச் செய்தது, ‘அசுவத்தாமன் இறந்தான்’ என்னும் பொய். இறந்தது யானை; மொழிந்தவன் தருமன். பாசறைக்குள் புகுந்த அசுவத்தாமன் திருட்டத்துய்மனை எழுப்பி, ஆயுதத்தால் கொல் என்று அவன் வேண்டியும் இணங்காமல் விலங்கைப்போல் மிதித்தே கொன்றான். திரௌபதியின் மைந்தர் ஐவரும் அன்றிரவே மாண்டனர். நம் வில்லிபுத்தூரார் தம் பாரதத்தை இந்தச் சௌப்திக பருவத்தோடு நிறைவு செய்தார். தமிழர் பல தலைமுறை படித்த பாரதத்தின் கடைசிப் பருவம் இந்த இரவுதான்.

வியாசரின் நூலில் இதற்குக் கிடைத்த தண்டனை மரணமன்று. உத்தரையின் கருவின்மேலும் அம்பு ஏவிய அவனுக்கு, உடன்பிறந்த தலைமணி பறிக்கப்படுகிறது. குருதியும் சீழும் நாற, துணையின்றி, பேச ஆளின்றி, மூவாயிரம் ஆண்டு மண்ணில் அலைக எனக் கண்ணன் சபிக்கிறான். பிறந்தநாளில் நீண்ட ஆயுளை வேண்டிச் சிரஞ்சீவிகள் எழுவரின் பெயரைச் சொல்லும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அப்பட்டியலில் முதற்பெயர் அசுவத்தாமன். எவனுக்கு உயிர்வாழ்தலே தண்டனையோ, அவன் பெயரால் குழந்தையை வாழ்த்துகிறோம்!

ஸ்ரீகண்டையாவின் நாடகத்தில் அந்தச் சிரஞ்சீவி தன் கையாலேயே தன் உயிரை முடித்துக்கொள்கிறான்.

எதிர்ப்பும் விவாதமும் எழுந்ததில் வியப்பில்லை. புராணத்தில் இறவாதவன் என்று எழுதப்பட்டவனை ஒரு பேராசிரியர் எங்ஙனம் கொல்லலாம்? கிரேக்கக் கதையைப் பின்பற்ற வேண்டுமென்ற பிடிவாதத்தால் நம் கதையின் முதுகெலும்பை முறிக்கலாமா? கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அரசு ஆவணங்களை மொழிபெயர்க்கும் நாம் ‘செய்யலாம்’ என்பதைச் ‘செய்ய வேண்டும்’ என்று மாற்றிவிட்டால், எங்கோ ஓர் ஊழியரின் ஓய்வூதியம் நின்றுபோகும். மூலத்தில் ‘சாகமாட்டான்’ என்றிருப்பதைச் ‘செத்தான்’ என மாற்றுவது அந்த அளவுகோலால் மன்னிக்க முடியாத செயல்.

ஆனால் ஸ்ரீகண்டையாவின் முன் இரண்டு மூலங்கள் இருந்தன. இரண்டுக்கும் ஒருங்கே உண்மையாக இருக்க இயலாது. ஒரு மூலத்தில் மானம் இழந்தவனுக்குச் சாவு விடுதலை. மற்றொன்றில் மறம் செய்தவனுக்குச் சாவின்மை தண்டனை. எது கொடியது? வாளின்மேல் விழும் அஜாக்ஸுக்கு ஒரு கல்லறையாவது கிடைத்தது. அசுவத்தாமனுக்கு அதுவும் இல்லை. நம் எண்ணத்தைச் சொல்வதானால், வியாசரின் முடிவே ஸோபோக்ளீஸின் முடிவைவிடக் கொடியது. அதைத் தாங்காமல்தான் கன்னட ஆசிரியர் கிரேக்கத்திலிருந்து ஒரு சாவைக் கடன் வாங்கி வந்து அவனுக்குக் கொடுத்தாரோ என்று தோன்றுகிறது. ஒருமுறை பொய்யாகச் சொல்லப்பட்டு ஒரு தந்தையைக் கொன்ற வாக்கியம், ‘அசுவத்தாமன் இறந்தான்’ என்பது, அவர் மேடையில் மெய்யாயிற்று. இதை மூலத்துக்கு இழைத்த துரோகம் என்பாரும், கருணை என்பாரும் இரு பக்கத்திலும் இருக்கலாம். நாம் கருணை என்பார் பக்கம்.

வடமொழியிலேயே இதற்கு ஒரு முன்னோடி இருந்ததென்பதையும் கூற வேண்டும். பாசர் இயற்றியதாகக் கருதப்படும் ‘ஊருபங்கம்’ துரியோதனன் மேடையிலேயே உயிர்விடும் நாடகம். நூற்றாண்டுகளாகக் காணாமற்போயிருந்த பாச நாடகச் சுவடிகள், பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரையில் கிடைத்தன. அவ்விடம் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அவற்றைக் கண்டெடுத்துத் திருவனந்தபுரத்தில் 1912 முதல் பதிப்பித்தவர் மகாமகோபாத்தியாய கணபதி சாஸ்திரி. அவரும் திருநெல்வேலிச் சீமைக்காரர். மேடையில் சாவு கூடாதென்ற விதி எழுதப்பட்ட மொழியிலேயே அதை மீறிய நாடகமும் இருந்ததென உலகம் அறிந்த பின்பு, ஸ்ரீகண்டையா போன்றோரின் துணிவு தனித்த பித்தாகத் தோன்றவில்லை.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். ‘அசுவத்தாமன்’ பழங்கன்னடச் சாயல் கொண்ட நடையில் எழுதப்பட்டது. வில்லிபாரதத்தின் தமிழில் இன்று ஒருவர் நாடகம் எழுதினால் எத்தனைபேர் செவிக்கு எட்டுமோ, அத்தனை பேருக்கே அதுவும் எட்டியிருக்கும். வகுப்பறையில் பிறந்தது வகுப்பறையிலேயே பெரிதும் வாழ்ந்தது.

ஸ்ரீகண்டையா பிறந்த அதே 1884இல் பிறந்து, அவர் மறைந்த அதே 1946இல் மறைந்த இன்னொருவர் இருந்தார். அவர் தியாகராஜ பரமசிவ கைலாசம். மைசூர் அரசில் நீதிபதியாக விளங்கிய பரமசிவ ஐயரின் மகன். வீட்டு மொழி தமிழ். சென்னையில் படித்து, இலண்டன் சென்று நிலவியல் கற்றுத் திரும்பி, பாறைகளைவிட மனிதரே சுவையானவர் எனக் கண்டு அரசுப் பணியைத் துறந்தவர். பெங்களூர் நடுத்தரக் குடும்பங்கள் பேசிய ஆங்கிலம் கலந்த கன்னடத்தை அப்படியே மேடையேற்றிச் சிரிக்கவைத்தார். நாடகங்களைத் தம் கையால் எழுதுவதைவிட நண்பர்களிடம் வாயால் சொல்லி எழுதவைப்பதே அவர் பழக்கம். 1945இல் கன்னட சாகித்திய சம்மேளனம் சென்னையில் கூடியபோது தலைமை தாங்கியவர் இவரே. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர், தமிழரின் தலைநகரில், கன்னடரின் பேரவைக்குத் தலைவர்! இத்தகைய செய்திகளை நாம் போதிய அளவு பேசுவதில்லை.

சிரிக்கவைத்த கைலாசத்துக்கு இன்னொரு முகம் இருந்தது. பாரதத்தின் வஞ்சிக்கப்பட்டவர்களை வைத்து அவர் ஆங்கிலத்தில் துன்பியல் நாடகங்கள் இயற்றினார். கொடுமையான பகுதிகளைக் கன்னடத்தில் சொல்ல அவருக்கு மனம் வரவில்லையோ, அல்லது ஆங்கிலத்தின் தொலைவு அவருக்குத் தேவைப்பட்டதோ, அறியோம். 1944இல் வெளிவந்த நாடகத்தில் ஏகலைவனையும் அருச்சுனனையும் எதிரெதிரே நிறுத்தினார். இருவரும் வில் கற்க விழைகின்றனர். உலகின் முதல் வில்லாளி ஆக வேண்டுமென்பது அருச்சுனன் நோக்கம். காட்டு மான்குட்டிகளை ஓநாய்களிடமிருந்து காக்க வேண்டுமென்பது ஏகலைவன் நோக்கம். கட்டைவிரலைக் கேட்டபோது துரோணர் எதை வெட்டினார் என்பது அப்போதுதான் நமக்கு முழுவதும் தெரிகிறது. இழப்பு ஒரு வேடுவச் சிறுவனுடையது மட்டுமன்று. அவன் காத்துவந்த மான்குட்டிகளுடையதும் ஆகும்.

1946இல் வந்த ‘கர்ணன்’ நாடகத்துக்கு ஸோபோக்ளீஸின் சாயல் என்று அவரே துணைத்தலைப்பு இட்டார். அவர் கண்ட ஒப்புமை வலிந்து கொண்டதன்று. தீப்ஸ் நகரத்து இளவரசன் இடிப்பஸ் மலையில் எறியப்பட்ட குழந்தை; கர்ணன் ஆற்றில் விடப்பட்ட குழந்தை. இருவரையும் வேற்றார் வளர்த்தனர். இருவருக்கும் பிறப்பே மறைபொருள். அந்த மறைபொருள் வெளிப்படும் கணமே அழிவின் கணம். வேறுபாடு ஒன்று உண்டு. இடிப்பஸை அழித்தது தெய்வ வாக்கு. கர்ணனை அழித்ததில் சாபத்துக்குப் பங்குண்டு. எனினும் ஒவ்வோர் அவையிலும் ‘நீ யார் மகன்?’ என்று கேட்ட மனிதரின் பங்கு அதைவிடப் பெரிது. கிரேக்கரின் விதி இருந்த இடத்தில் நம் நாட்டில் குலம் இருக்கிறது.

தமிழ் வீட்டில் பிறந்து கன்னடத்தின் பெரும் எழுத்தாளரான மாஸ்தி வெங்கடேச ஐயங்கார், ஷேக்ஸ்பியரின் லியர் அரசனைக் கன்னடமாக்கியதும் இவ்வரிசையில் வைக்கத்தக்கது. புயலில் தலை நனைந்து அலையும் அக்கிழவனும் நன்றியின்மை என்னும் கொடுமையைக் கண்டவன்.

இத்தனையும் நூலில் வந்தவை. பெருங்கூட்டம் நாடியது வேறு மேடையை. குப்பி வீரண்ணாவின் குழு மெய்யான யானை குதிரைகளை மேடையேற்றிக் குருட்சேத்திரம் நடத்திய காலம் அது. அக்குழுவின் பாட்டிலும் பகட்டிலும் மயங்கி, சிறுவயதில் வீட்டைவிட்டு ஓடிவந்து அதில் சேர்ந்தவர் பி. வி. காரந்த். ‘அசுவத்தாமன்’ வெளிவந்த 1929இல்தான் அவர் பிறந்தார். வீரண்ணா அவரைக் காசிக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். பின்னர் டில்லி தேசிய நாடகப் பள்ளியில் பயின்றார். இசைநாடகக் குழுவின் பாட்டையும், டில்லியில் கற்ற புதிய அரங்கக் கலையையும் இரு தோள்களிலும் சுமந்து அவர் பெங்களூர் திரும்பினார்.

தாகூர் நூற்றாண்டு நினைவாக எழுப்பப்பட்டு 1963இல் திறக்கப்பட்ட ரவீந்திர கலாக்ஷேத்திரம் பெங்களூரில் வாழும் நேயர்கள் நாள்தோறும் கடந்துசெல்லும் கட்டடம். அதன் வளாகத்துத் திறந்தவெளியில் 1972இல் காரந்த் மூன்று நாடகங்களை நிகழ்த்தினார். பி. லங்கேஷின் ‘சங்கிராந்தி’, பசவண்ணரும் பிஜ்ஜளனும் வாழ்ந்த 12ஆம் நூற்றாண்டுக் கல்யாண நகரத்தின் கொந்தளிப்பைக் கூறுவது. சந்திரசேகர கம்பாரின் ‘ஜோகுமாரசுவாமி’, நாட்டுப்புறத் தெய்வம் ஒன்றை வைத்து நிலம் யாருக்கு என்று கேட்பது. மூன்றாவது, லங்கேஷ் கன்னடமாக்கிய ஸோபோக்ளீஸின் ‘இடிப்பஸ்’. கன்னட நாடகத்தின் புது யுகம் இம்மூன்றோடு தொடங்கியதென்பர். அந்தத் திறந்தவெளி பின்னர் ‘சம்ச’ என்னும் நாடகாசிரியரின் பெயரைப் பெற்றது. மைசூர் அரச மரபின் சூழ்ச்சிகளை நாடகங்களாக எழுதி, 1939இல் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டவர் அவர்.

கிரேக்க நாடகம் பிறந்ததே வானத்தின்கீழ். திறந்தவெளியில் அதை ஆடியதால் காரந்த் அதை அதன் பிறந்த வீட்டுக்கே அழைத்துச் சென்றார் எனலாம். நம் கூத்துக்கும் அதுவே பிறந்த வீடு. ஆனால் இம்முறை கிரேக்க அரசனுக்குப் பாரத வேடம் போடப்படவில்லை. ஸ்ரீகண்டையாவுக்கு அசுவத்தாமன் தேவைப்பட்டான். கைலாசத்துக்குக் கர்ணன் தேவைப்பட்டான். நாற்பத்து மூன்று ஆண்டுகளில் பெங்களூர் அரங்கு இடிப்பஸை இடிப்பஸாகவே ஏற்கும் நிலைக்கு வந்துவிட்டது. முன்னோர் இருவரும் பழக்கிவைத்திராவிட்டால் அந்த ஏற்பு அத்துணை எளிதாக வந்திருக்குமா என்பது ஐயமே.

இந்நகரின் இன்னொரு வழக்கத்தையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. திகளர்பேட்டைத் தர்மராயர் கோயிலிலிருந்து சித்திரை முழுநிலவில் கரகம் புறப்படும். பெண்ணுடையில் அர்ச்சகர் திரௌபதியைத் தலையில் சுமந்து வர, வாளேந்திய வீரகுமாரர் சூழ்ந்து வருவர். வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவிலும் நின்று செல்வர். மைந்தர் ஐவரையும் ஒரே இரவில் பறிகொடுத்த தாயை ஆண்டுதோறும் ஊர்வலமாக அழைத்துச் செல்லும் நகரம் இது. அதன் மக்களுக்குத் துன்பியல் நாடகத்தை முன்னுரை எழுதி விளக்க வேண்டிய தேவை இருந்திராது.

இடிப்பஸின் கதையைச் சுருங்கச் சொல்வோம். தீப்ஸ் நகரில் கொள்ளை நோய். முந்தைய அரசனைக் கொன்றவன் தண்டிக்கப்படாததே காரணம் என்கிறது தெய்வ வாக்கு. குற்றவாளியைக் கண்டுபிடிப்பேன் என இடிப்பஸ் சூளுரைக்கிறான். தேடுகிறான், உசாவுகிறான், சாட்சிகளை மிரட்டுகிறான். ஒவ்வொரு விடையும் அவனையே சுட்டுகிறது. கொன்றவன் அவன், கொல்லப்பட்டவன் அவன் தந்தை, மனைவியாக வாழ்பவள் அவனைப் பெற்றவள். அவள் தூக்கிட்டு இறக்கிறாள். அவளது ஆடையின் ஊசிகளால் அவன் தன் கண்களைக் குத்திக்கொள்கிறான். இரண்டையும் தூதன் வந்துதான் உரைக்கிறான்.

அவன் சாகவில்லை. குருடனாய் வாழ்வதைவிடச் சாவது மேலன்றோ என்று குழுவினர் கேட்கின்றனர். கீழுலகில் தந்தையையும் தாயையும் எந்தக் கண்களால் பார்ப்பேன் என்று அவன் வினவுகிறான். சாவும் அவனுக்கு அடைக்கலம் தராது. தன் இரு சிறு பெண்களைத் தடவிப் பார்த்துவிட்டு, கைப்பற்றி அழைத்துச் செல்லப்படுகிறான். வியாசர் அசுவத்தாமனுக்கு விதித்ததும் இதற்கு நெருங்கியதே. கிரேக்கத்திலிருந்து சாவை மட்டும் எடுத்து வந்தார் ஸ்ரீகண்டையா. உயிரோடு விடுவதாகிய தண்டனையையும் கிரேக்கர் அறிந்திருந்தனர் என்பதை 1972இன் மேடை பெங்களூருக்குக் காட்டிற்று.

ஸோபோக்ளீஸ் அவனை அத்துடன் விட்டுவிடவில்லை. தொண்ணூறு வயதை எட்டிய முதுமையில் இன்னொரு நாடகம் எழுதினார். அதில் கிழக் குருடனான இடிப்பஸ் மகளின் கைப்பற்றி ஏதென்ஸ் அருகே உள்ள கொலோனஸ் என்னும் ஊருக்கு வருகிறான். நாடோடியாக வந்தவனுக்கு அவ்வூர் இடம் கொடுக்கிறது. அங்கே அவனுக்கு அமைதியான முடிவும் கிடைக்கிறது. கொலோனஸ் ஸோபோக்ளீஸ் பிறந்த ஊர். அந்நாடகம் மேடையேறியதைக் காண அவர் உயிரோடு இல்லை, கி.மு. 401இல் அவருடைய பேரன் அரங்கேற்றினான். 1972இல் பெங்களூரில் ஆடிய மூன்று நாடகங்களுள் அது இல்லை.